மூன்றாம் வாசிப்பு

ஜூன் 8

அன்புள்ள அண்ணன் ஊமைக்கோட்டானுக்கு,

வாயாடி எழுதுகிறேன். நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அண்ணி வாங்கிக்கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாளா, இல்லை, வாடை பிடிக்கவில்லை என்று பாட்டிலை ஒளித்துவைக்கிறாளா? உன் லேத் பட்டறையில் புது மோட்டார் ஓடுகிறதா, உன்னை ஓட்டுகிறதா?

என் சேதி இது. இந்த ஊர் நூலகத்துக்கு நான் மாற்றலாகி வந்தபோதே சொன்னேனே, மாடி அறையில் வரலாற்றுக் கழகம் என்று ஒன்று கூடுகிறது என்று. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி, செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அச்சகக்காரர் ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், இன்னும் சிலர். பழைய புகைப்படங்களைச் சேர்ப்பார்கள், எந்தத் தெரு எப்போது வந்தது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வருஷம் பெரிய வேலை. நம் அப்பா மதகுக் காவலராக இருந்த காலத்தில் வந்த வெள்ளத்துக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். பள்ளத் தெருவில் இறந்துபோனவர்களின் பெயர்களும், அன்று நடந்தது என்ன என்பதும் கல்லில் வரும். அதற்காக அன்று இருந்தவர்கள் சொல்வதை எழுதி வாங்குகிறோம். கழகத்துக்கு ஒரு கறார் விதி உண்டு. எழுதியதை மூன்று கூட்டங்களில் சத்தமாக வாசிக்க வேண்டும். அன்று ஊரில் இருந்த யாராவது எழுந்து, "நான் இருந்தேன், அப்படி நடக்கவில்லை" என்று சொல்லலாம். கேள்விப்பட்டது, கடிதத்தில் எழுதியது எதுவும் செல்லாது, ஆள் நேரில் நிற்க வேண்டும். மூன்றாம் வாசிப்பிலும் யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் அதுதான் வரலாறு. வாசிப்பது செயலாளர், அதாவது நான்.

மாடி அறைக் கண்ணாடிப் பெட்டியில் மதகு ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. அந்தக் காலத்து ஓவர்சியர் கொடுத்தது. அப்பாவின் கை பட்டதாயிற்றே என்று தினமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

நீ சொன்னபடி, நான் யார் மகள் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லக் கூடாது என்பதை நீயும் சொல்லவில்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
உன் தங்கை


ஜூன் 20

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கு யாவரும் நலம். அம்மாவுக்கு வலி பரவாயில்லை. மோட்டார் ஓடுகிறது.

உன் வேலை புத்தகம் கொடுத்து வாங்குவது. கழகத்துக்கெல்லாம் எதற்கு? செயலாளர் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. அந்த ஊர் ஈரக்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதிலேயே உனக்கு மூச்சிரைப்பு.

யாரிடமும் சொல்லவில்லைதானே? சொல்லாதே.

அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.
அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டாதே.

ஓவர்சியர் ஐயா எழுதிக்கொடுத்ததை ஞாயிற்றுக்கிழமை முதல் வாசிப்பு வாசித்தேன். எண்பதை நெருங்கும் மனிதர். வியாழன்தோறும் நூலகத்துக்கு வந்து பேப்பர் படிப்பார். மழை வந்த அன்று தன் குடையை என் மேசையில் வைத்துவிட்டு, "நீ போம்மா, எனக்குப் பேரன் வருவான்" என்று நனைந்துகொண்டே போனவர். அவர் எழுதியதை முன்கூட்டிப் பார்க்காமல் எழுந்துவிட்டேன், என் புத்தி அவ்வளவுதான்.

"அன்று மாலை தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது மதகுக்காரன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கைப்பிடியோடு ஓடிவிட்டான். கைப்பிடி இல்லாமல் ஷட்டரைத் தூக்க முடியவில்லை. கரை உடைந்து பள்ளத் தெரு போயிற்று. வெள்ளம் வடிந்த பின் கைப்பிடியைச் சேற்றில் கண்டெடுத்தேன்."

இதை என் வாயால் வாசித்தேன், அண்ணா. "ஓடிவிட்டான்" என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பின் வரிசையில் ஒரு அம்மாள் அழுதார். பள்ளத் தெருவில் அக்காவைப் பறிகொடுத்தவராம். "அந்தப் பாவி நல்லா இருந்திருக்க மாட்டான்" என்றார். நான் கூட்டக் குறிப்பில் அதையும் எழுதினேன்.

அப்பா ஓடினாரா? உனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்குப் பதில் வேண்டும்.
தங்கை


ஜூலை 30

அண்ணா,

கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறாய். உடம்பு சரியில்லையா? அம்மாவுக்கு ஏதாவதா? அப்படி இருந்தால் ஒரு வரி எழுத அண்ணிக்குத் தெரியும். அதனால் நீ நன்றாகத்தான் இருக்கிறாய், பதில் சொல்ல மனசில்லை, அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு இரண்டாம் வாசிப்பு. மறுபடியும் நான்தான் வாசிக்க வேண்டும்.
தங்கை


ஆகஸ்ட் 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பட்டறையில் வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை என்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை.

நடந்து முடிந்த கதையைக் கிளறாதே. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. கல்லில் என்ன எழுதினாலும் அவர் எழுந்துவந்து படிக்கப்போவதில்லை. மாற்றலுக்கு எழுதிப்போடு. இங்கே பக்கத்திலேயே நூலகம் இருக்கிறது, அம்மாவும் சந்தோஷப்படுவாள்.

அந்தக் கைப்பிடியில் பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.
அண்ணன்


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

சுற்றியிருக்கிறது. கறுப்பு டியூப், நுனியில் சின்ன முடிச்சு. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். நான் உனக்கு எழுதியது இரும்புக் கைப்பிடி என்றுதான். டியூப் உனக்கு எப்படித் தெரியும், அதை ஏன் 'சும்மா' கேட்கிறாய்?

இரண்டாம் வாசிப்பும் முடிந்தது. இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை, அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஓவர்சியர் ஐயா என்னிடம் வந்து, "நல்லா வாசிச்சேம்மா, உன் குரல்ல கேக்கும்போது எனக்கே உடம்பு நடுங்குது" என்றார். நான் சிரித்தேன். என்ன செய்யச் சொல்கிறாய்?

செப்டம்பரில் மாடிக்கு வெள்ளையடிக்கிறார்கள், கூட்டம் இல்லை. மூன்றாம் வாசிப்பு அக்டோபர் முதல் ஞாயிறு. மறுநாள் வாசகம் கல் செதுக்குபவரிடம் போகும். அப்பா பெயர் வராது, 'மதகுக் காவலன்' என்று மட்டும் வரும். பெயர் வந்தாலாவது ஒரு மனிதனைத் திட்டுவார்கள்.

எனக்கு ஒரு ஞாபகம். மழைக்காலத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அது வெள்ளம் வந்த நாள் என்று இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அதே நாளில் அம்மா எனக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவாள். எதற்கென்று கேட்டால் "சும்மா" என்பாள். உங்கள் வீட்டில் எல்லாமே சும்மாதான். ஊரைக் கொன்றுவிட்டு ஓடிய மனிதர் வீட்டில் அன்று புதுச் சட்டை எதற்கு?

இந்தத் தடவை நீ பூசி மெழுகினால் நான் நேராக அம்மாவுக்கே எழுதுவேன். கண்ணில் புரை என்றால் அண்ணி படித்துக்காட்டட்டும்.
தங்கை


செப்டம்பர் 3

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. எழுத்து கோணலாக இருந்தால் கண் மேல் கோபித்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அண்ணன் மேசையில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். அவன் மறந்துவைக்கிற ஆள் இல்லை. படி என்றுதான் வைத்தான். அண்ணி படித்தாள்.

நீ ஜனவரியில் பிறக்கவில்லை. வெள்ளம் வந்த அன்று மாலை, மதகுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒற்றை வீட்டில் பிறந்தாய். கரையில் நம் வீடு மட்டும்தான். என் தங்கை உடனிருந்தாள். வலி முன்னாடியே வந்துவிட்டது, உன் அண்ணனை ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். நீ அழுத சத்தத்தைக் கேட்டுவிட்டு அவர் திரும்பி ஓடினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பள்ளத் தெருவில் அழுகை எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு அன்றே என் பிறந்தகத்துக்குப் போய்விட்டேன். "இது பொறந்த நேரம் ஊரே போச்சுன்னு சொல்லுவாங்க, இந்தப் பேச்சு இவ காதுல விழவே கூடாது" என்று அப்பா சொன்னார். பிறந்த தேதியைத் தள்ளிப் போட்டோம். ஏன் இடத்தை விட்டுப் போனாய் என்று கேட்டவர்களிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன்னைச் சொல்ல வேண்டும். வேலை போயிற்று. பழியை அவர் வைத்துக்கொண்டார், உன்னைக் கொடுக்கவில்லை.

கைப்பிடி யாரிடம் போனது என்று உன் அண்ணனுக்குத் தெரியும், அவன்தான் பக்கத்தில் நின்றான். சொல்ல மாட்டேன் என்று அப்பா கையில் அடித்துச் சத்தியம் செய்தவன். சத்தியம் வாங்கினவரே போய்விட்டார், இனி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

புதுச் சட்டை அதற்குத்தான்.
அம்மா


செப்டம்பர் 10

அம்மாவுக்கும் அண்ணனுக்கும்,

நான் நலம் என்று எழுதுவதற்குத்தான் கை போகிறது, வழக்கம். நலமாக இல்லை. கடிதம் வந்த அன்று பின்கட்டு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். புத்தகம் கேட்டு வந்தவரிடம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பொய் சொல்வது நம் குடும்பத்துக்குக் கைவந்த கலை போலிருக்கிறது.

எனக்குக் கோபமாக இருக்கிறது அம்மா. என்னைக் காப்பாற்றினீர்கள், சரி. விவரம் தெரிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்பாவோடு எத்தனை தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். "ஒரு வேலையில நிலைக்கத் தெரியாத மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது பயமாகவும் இருக்கிறது. நான் எழுந்து பேசினால் பின் வரிசை அம்மாள் என்னைப் பார்ப்பார். வியாழக்கிழமை நூலகத்துக்கு வருபவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அப்பா எந்தப் பேச்சுக்குப் பயந்தாரோ, அதை இந்த வயதில் நான் காதால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் மூன்றாவது தடவையும் அவரை ஓடிப்போனவராக வாசித்துவிட்டு உட்கார வேண்டும்.

அண்ணா, நீ எழுதுவதைக் கழகம் ஏற்காது. நீ வர வேண்டும்.
தங்கை


செப்டம்பர் 24

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மாவுக்குப் புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை.

நான் பார்த்ததை எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் வாயில் வரும்.

கரை வழியாக ஓடினேன். அப்பா மதகு மேல் நின்றிருந்தார், கைப்பிடி கையில் இருந்தது. ஓவர்சியர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். "அம்மாவுக்கு வலி வந்துடுச்சு" என்றேன். அப்பா அசையவில்லை, தண்ணீரைப் பார்த்தார். ஓவர்சியர்தான், "போய்யா, பொண்டாட்டியப் பாரு, நான் இருக்கேன்ல" என்றார். அப்பா கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார். அதில் டியூப் சுற்றியது நான். அப்பாவுக்கு உள்ளங்கை வெடித்து ரத்தம் வரும், அதற்காகச் சுற்றினேன். ஓவர்சியர் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு சுத்தினது, நல்லா இருக்கே" என்றார். நான்தான் என்று சொன்னேன். பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறேன். கூட்டத்தில் பேச வருமா என்று சொல்ல முடியாது. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும்.
அண்ணன்


அக்டோபர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி தந்தி கொடுத்ததும்தான் உயிர் வந்தது. கட்டுப் பிரிக்கும்வரை குனியாதே. அண்ணன் வந்து எல்லாம் சொல்லியிருப்பான் என்று நினைக்காதே, அவன் "முடிஞ்சுது" என்று மட்டும்தான் சொல்லியிருப்பான்.

மாடி அறையில் சுண்ணாம்பு வாடை போகவில்லை. வழக்கத்தைவிடக் கூட்டம், கடைசி வாசிப்பு அல்லவா. அண்ணன் கதவோரம் உட்கார்ந்தான். முன் வரிசையில் ஓவர்சியர் ஐயா, கைத்தடியை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு. நான் முழுவதையும் வாசித்தேன். தலைவர் வழக்கம்போல், "அன்னைக்கு ஊர்ல இருந்தவங்க யாராவது மறுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் எழுந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை அம்மா. அப்படியே நின்றான், கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு. "ஐயா யாரு?" என்று தலைவர் கேட்டார். அச்சகக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போனால் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

நான் தாளைக் கீழே வைத்தேன். "நான் மறுக்கிறேன்" என்றேன்.

தலைவருக்குச் சிரிப்பு. "நீ வெளியூர்ப் பொண்ணும்மா. இருந்தவங்கதான் சொல்லணும்."

"நானும் இருந்தேன்யா. மதகுக்காரர் மக நான். அன்னைக்குச் சாயங்காலம்தான் பொறந்தேன்."

பின் வரிசை அம்மாளை நான் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. அப்போது ஓவர்சியர் ஐயா தலையை நிமிர்த்தி, என்னை மட்டும் பார்த்து, வீட்டு நல்லது கெட்டதை விசாரிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"பொண்ணாம்மா பொறந்துச்சு? அந்தப் பையன் ஓடி வந்தானே, அந்தப் பிரசவமா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே புரிந்தது. யாரிடமும் சொல்லாமல் ஓடினவனின் வீட்டில் பிரசவம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தலைவர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

அண்ணனுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "உங்க கையிலதான் குடுத்தாரு. டியூப் யார் சுத்தினதுன்னு கேட்டீங்க."

"கேட்டேன்" என்றார் அவர். கைத்தடி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க யாரும் அசையவில்லை, கடைசியில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "எங்கம்மா பள்ளத் தெருவுல படுத்த படுக்கையா இருந்தாங்க. தூக்கிட்டு வந்துடலாம்னு கைப்பிடியும் கையுமா ஓடினேன். ஒரு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். திரும்பி வரும்போது மதகுகிட்டயே போக முடியல. உங்கப்பன் என்னைக் காட்டிக்குடுப்பான்னு தினமும் காத்திருந்தேன். அவன் வாயே திறக்கல. அப்புறம் எனக்கு அது வசதியாப் போச்சு."

நான் அவரை வெறுக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். வெறுக்கவும் செய்கிறேன். ஆனால் அவர் தன் அம்மாவைத் தூக்கப் போனார், அப்பா என்னைப் பார்க்க வந்தார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பெரிய வாக்குவாதம். வாசகத்தைத் திருத்தி எழுது என்றார்கள், கல்லே வேண்டாம் என்றார்கள். கடைசியில் பின் வரிசை அம்மாள் எழுந்தார். "கல்லுல எங்கக்கா பேரு இருந்தாப் போதும். யார் ஓடினாங்கன்னு எதுக்கு?" என்றார். அதுவே முடிவாயிற்று. பெயர்கள் மட்டும். நடந்தது கழகப் பதிவில் இருக்கும், ஓவர்சியர் ஐயாவும் அண்ணனும் சொன்னதும், நான் சொன்னதும்.

இறங்கிப் போகும்போது அந்த அம்மாள் என் பக்கத்தில் நின்றார். அப்பா பயந்த பேச்சு இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அன்னைக்கு ஒரு உசுராவது வந்துச்சா இந்த ஊருக்கு" என்றார். போய்விட்டார்.

அண்ணன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். முடிச்சு அவிழாமல் இருக்கிறதாம். அவ்வளவுதான் சொன்னான்.

நான் மாற்றல் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.
உன் மகள்


நவம்பர் 9

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். எழுத்து நேராக இருக்கிறதா பார்.

இன்று அங்கே கல் திறக்கிறார்கள், இந்தக் கடிதம் உனக்குப் போய்ச்சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஊர் அழுகிற நாள், அதனால் எல்லோரோடும் நின்று நீயும் அழுதிருப்பாய். இனி, அண்ணன் பார்சலில் அனுப்பியிருப்பதைப் பிரித்துக் கட்டிக்கொள். சேலை நான் எடுத்தது. கலர் பிடிக்கவில்லை என்றாலும் கட்டு.

இன்று காலையில் உன் அப்பா படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.

இன்றைக்கு உனக்குப் பிறந்தநாள். நன்றாக இரு.
அம்மா